ப்ரியா (திரைப்படம்)

ப்ரியா 1978 ஆம் ஆண்டு டிசம்பர் 22 அன்று வெளிவந்த தமிழ்த் திரைப்படமாகும். எழுத்தாளர் சுஜாதா எழுதிய இதே பெயருடைய துப்பறியும் நாவலைத் தழுவி இப்படம் எடுக்கப்பட்டது. எஸ். பி. முத்துராமன் இயக்கிய இப்படத்திற்குத் திரைக்கதை, உரையாடல் எழுதியவர் பஞ்சு அருணாசலம் ஆவார். ரஜினிகாந்த், ஸ்ரீதேவி, அம்பரீஷ் ஆகியோர் முதன்மை வேடங்களில் நடித்தனர். இளையராஜா இசையமைத்தார். தமிழில் எடுக்கப்பட்ட அதே நேரத்தில் கன்னடத்திலும் எடுக்கப்பட்ட இப்படத்தின் கன்னட வடிவம் 1979 இல் வெளியானது.

புகழ்பெற்ற நடிகை ஒருவர் வெளிநாட்டில் கடத்தப்படுவதும், வழக்கறிஞர் ஒருவர் அவரை மீட்க முயல்வதும் இப்படத்தின் கதையாகும். ஆயினும் கடத்தப்படுவதற்கு முன்பே அந்நடிகை ஒருவகையில் கைதியாகவே வாழ்ந்து வருகிறார் என்பதே இக்கதையை ஏனைய ஆட்கடத்தல் கதைகளிலிருந்து வேறுபடுத்துகின்றது. திருவரங்கத்தில் வளர்ந்து, திருச்சிராப்பள்ளியில் கல்லூரிப் படிப்பை முடித்த ஒரு பொறியாளரின் கற்பனையில் இக்கதை உருவானது என்பது குறிப்பிடத்தக்கது.

படக்குழு

இயக்கம்: எஸ். பி. முத்துராமன்
தயாரிப்பு: எஸ். பி. தமிழரசி
மூலக்கதை: சுஜாதா
திரைக்கதை, உரையாடல்: பஞ்சு அருணாசலம்
இசை: இளையராஜா
பாடல்கள்: பஞ்சு அருணாசலம்
ஒளிப்பதிவு: பாபு
மொழிகள்: தமிழ், கன்னடம்
வகை: துப்பறியும் படம்

நடிகர்கள்

ரஜினிகாந்த் - வழக்கறிஞர் கணேஷ்
ஸ்ரீதேவி - நடிகை ப்ரியா
அம்பரீஷ் - ப்ரியாவின் காதலர் பரத்
மேஜர் சுந்தரராஜன் - தயாரிப்பாளர் ஜனார்த்தன்
அஸ்னா ஹமீது - சுபத்ரா

கதைச் சுருக்கம்

கவனிக்க: கதையின் போக்கு கீழே விவரிக்கப்பட்டுள்ளது. இறுதி முடிச்சு விவரிக்கப்படவில்லை.

ப்ரியா தமிழ்த் திரையுலகில் முன்னணியில் இருக்கும் நடிகை. அவரைத் திரைக்குக் கொண்டுவந்த தயாரிப்பாளர் ஜனார்த்தன் அவருடைய வருமானம், பயணம், நட்பு என அனைத்தையும் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறார். ஊரெங்கும் சுவரொட்டிகளில் முகம் தெரியும் ஒரு பெண்ணுக்குத் தன் விருப்பப்படி வீட்டைவிட்டு வெளியே செல்லவும் உரிமை இல்லை. ப்ரியா பரத் என்பவரைக் காதலிக்கிறார். அவர்கள் திருமணம் செய்துகொண்டால் தன் வருவாய்க்கு முடிவு வந்துவிடும் என்பது ஜனார்த்தனின் அச்சம்.

படப்பிடிப்பிற்காக ப்ரியா சிங்கப்பூர் செல்ல நேர்கிறது. வழக்கறிஞர் கணேஷும் அப்பயணத்தில் இணைகிறார். சிங்கப்பூரில் கணேஷ் சுபத்ரா என்ற பெண்ணைச் சந்தித்துக் காதல் கொள்கிறார். இதற்கிடையே ப்ரியா கடத்தப்படுகிறார். அறிமுகமில்லாத நாட்டில், காவல் துறையினருக்கும் படக்குழுவினருக்கும் இடையே நின்று, நடந்தது என்ன என்பதைக் கணேஷ் கண்டறிய வேண்டியுள்ளது. கடத்தலால் நன்மை பெறுபவர் யார் என்ற கேள்விக்கு அவர் தேடும் விடையே படத்தின் பிற்பகுதியாகும்.

மூல நாவலும் ஆசிரியரும்

சுஜாதா என்ற புனைபெயரில் எழுதிய எஸ். ரங்கராஜன் 1935 மே 3 அன்று சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்தார். இளமைப் பருவத்தைத் திருவரங்கத்தில் தம் பாட்டியின் வீட்டில் கழித்தார். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவான திருவரங்கத்தின் ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்த பின், திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். அதன் பின்னர் சென்னை குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி. எனப்படும் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தில் மின்னணுவியல் படித்தார். பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாமும் இவ்விரு நிறுவனங்களில் பயின்றவர் ஆவார். வானூர்திப் போக்குவரத்துத் துறையில் பணியாற்றிய பின், பெங்களூரில் உள்ள பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் சுஜாதா பொறியாளராகப் பணிபுரிந்தார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்குப் பங்குண்டு. 2008 பிப்ரவரி 27 அன்று அவர் காலமானார்.

குமுதம் இதழில் ரா. கி. ரங்கராஜன் முன்பே எழுதி வந்ததால், பெயர்க் குழப்பத்தைத் தவிர்க்கத் தம் மனைவியின் பெயரைப் புனைபெயராக இவர் ஏற்றுக்கொண்டார். திருவரங்கத்து மனிதர்களையும் தெருக்களையும் பற்றிய இவரது சிறுகதைகள் "ஸ்ரீரங்கத்து தேவதைகள்" என்ற தொகுப்பாக வெளிவந்துள்ளன.

கணேஷ் என்ற வழக்கறிஞர் பாத்திரம் சுஜாதாவின் "நைலான் கயிறு" நாவலில் அறிமுகமானது. பின்னர் வசந்த் என்ற இளைய வழக்கறிஞர் கணேஷுடன் சேர்ந்தார். கணேஷ் நிதானமானவர், வசந்த் குறும்பும் துடுக்கும் உடையவர். இருவரும் பேசிக்கொண்டே ஒரு குற்றத்தின் கூறுகளைப் பிரித்து ஆராய்வது இக்கதைகளின் தனித்தன்மையாகும். தமிழில் துப்பறியும் கதை இதற்கு முன்பே வளர்ந்திருந்தது. வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு போன்றோர் இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியிலேயே இவ்வகை நாவல்களை எழுதிப் பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றிருந்தனர். பிற்காலத்தில் தமிழ்வாணனின் சங்கர்லால் பாத்திரம் புகழ்பெற்றது. சுஜாதாவின் கணேஷ் இவர்களிலிருந்து வேறுபட்டவர். அவர் தொழில்முறைத் துப்பறிவாளர் அல்லர். சட்டம் படித்தவர். குற்றவாளி யார் என்பதோடு, அதை நீதிமன்றத்தில் எவ்வாறு மெய்ப்பிப்பது என்பதையும் கருத்தில் கொள்பவர்.

"ப்ரியா" நாவல் குமுதம் வார இதழில் தொடர்கதையாக வெளிவந்தது. நாவலின் களம் லண்டன் மாநகரம் ஆகும். தொடர்கதையின் ஒவ்வொரு பகுதியும் அடுத்த வாரம் வரை வாசகரைக் காக்க வைக்கும் ஒரு கேள்வியுடன் முடிய வேண்டும். மறைந்துபோன ஒரு புகழ்பெற்ற நபரைத் தேடும் கதை இவ்வடிவத்திற்கு இயல்பாகவே பொருந்தக்கூடியது. இருக்கிறாரா, இல்லையா என்ற ஒரே கேள்வியைப் பல வாரங்களுக்கு நீட்டிக்க அது இடமளிக்கிறது.

நாவலிலிருந்து திரைக்கு

நாவலுக்கும் படத்திற்கும் உள்ள வேறுபாடுகளில் முதன்மையானது இடமாற்றமாகும். லண்டனில் நிகழும் கதை, படத்தில் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் மாற்றப்பட்டது. இம்மாற்றம் பின்னணியை மட்டும் மாற்றவில்லை. லண்டனில் கணேஷ் அந்நியர். சிங்கப்பூரிலோ தமிழ் நான்கு ஆட்சி மொழிகளுள் ஒன்றாகும். அங்கும் மலேசியாவிலும் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். எனவே அந்நிய நாட்டில் தனித்து விடப்பட்ட உணர்வு குறைந்து, சுற்றுலாவின் உற்சாகம் கூடியது.

இரண்டாவது வேறுபாடு கணேஷ் பாத்திரத்தைப் பற்றியது. நாவல்களில் வரும் கணேஷ் சிந்திப்பவர், கேள்வி கேட்பவர், காதலில் அதிகம் சிக்காதவர். படத்தில் அவர் பாடுகிறார், ஆடுகிறார், சண்டையிடுகிறார், காதலிக்கிறார். கதாநாயகன் என்ற இடத்தை ரஜினிகாந்த் நிரப்புவதால் இது தவிர்க்க இயலாததாயிற்று. நாவலில் வாசகர் குற்றவாளியைத் தேடுகிறார். படத்தில் பார்வையாளர் கதாநாயகனைப் பின்தொடர்கிறார். இதனால் துப்புகளை ஒவ்வொன்றாக அடுக்கி விடை காணும் முறை பின்தள்ளப்பட்டு, பாடலும் வெளிநாட்டுக் காட்சிகளும் முன்னுக்கு வந்தன. கணேஷ்-வசந்த் கதைகளின் வாசகர் பலருக்கு இக்காரணத்தால் படம் நிறைவளிக்காமல் போனாலும், நாவலைப் படித்திராத பெருந்திரளான மக்களிடம் கணேஷ் என்ற பெயரைக் கொண்டு சேர்த்தது இப்படமே எனலாம்.

மாறாமல் எஞ்சியது ப்ரியா என்ற பாத்திரத்தின் நிலையாகும். ஒரு நடிகையின் புகழை மற்றவர்கள் முதலீடாகக் கருதும் சூழலைக் கதை விடாமல் பற்றியிருக்கிறது. திரைத்துறையை இன்னும் நெருக்கமாக ஆராயும் "கனவுத் தொழிற்சாலை" என்ற நாவலைச் சுஜாதா பின்னர் ஆனந்த விகடன் இதழில் தொடராக எழுதினார்.

தயாரிப்பு

1978 ரஜினிகாந்தின் திரை வாழ்வில் திருப்புமுனையான ஆண்டாகும். "பைரவி", "முள்ளும் மலரும்" ஆகிய படங்கள் அவ்வாண்டில் வெளிவந்தன. அதுவரை பெரும்பாலும் எதிர்மறை வேடங்களிலும் இரண்டாம் நிலை வேடங்களிலும் நடித்து வந்த அவர், தனிக் கதாநாயகராக நிலைபெறத் தொடங்கினார். எஸ். பி. முத்துராமனுடன் அவர் "புவனா ஒரு கேள்விக்குறி" (1977) படத்தில் ஏற்கெனவே பணியாற்றியிருந்தார். இவ்விருவரும் மொத்தம் 25 படங்களில் இணைந்தனர்.

தமிழ்ப் படங்கள் வெளிநாடுகளில் எடுக்கப்படுவது அக்காலத்தில் அரிதாகவே இருந்தது. சி. வி. ஸ்ரீதரின் "சிவந்த மண்" (1969) ஐரோப்பாவிலும், எம். ஜி. ஆரின் "உலகம் சுற்றும் வாலிபன்" (1973) கிழக்காசிய, தென்கிழக்காசிய நாடுகளிலும் எடுக்கப்பட்டிருந்தன. வெளிநாட்டுப் பயணம் பெரும்பாலோருக்கு எட்டாததாக இருந்த காலத்தில், சிங்கப்பூரின் தெருக்களும் உயர்ந்த கட்டடங்களும் பார்வையாளருக்குக் கதைக்கு இணையான ஈர்ப்பாக அமைந்தன.

ஒரே நேரத்தில் இரு மொழிகளில் படம் எடுப்பது வெளிநாட்டுப் படப்பிடிப்பின் செலவை இரு சந்தைகளுக்குப் பகிர்ந்தளிக்கும் வழியாகும். கன்னடத்தில் "நாகரஹாவு" (1972) படத்தின் மூலம் அறிமுகமான அம்பரீஷ் இப்படத்தில் இடம்பெற்றதை இப்பின்னணியில் புரிந்துகொள்ளலாம். ரஜினிகாந்தும் தம் தொடக்க காலத்தில் கன்னடப் படங்களில் நடித்தவர் ஆவார்.

இசை

இப்படத்தின் பாடல்கள் ஸ்டீரியோ முறையில் பதிவு செய்யப்பட்டன. தமிழ்த் திரைப்படப் பாடல்களில் இம்முறை முதலில் பயன்பட்டது இப்படத்தில்தான் எனப் பரவலாகக் குறிப்பிடப்படுகின்றது. அதுவரை வழக்கில் இருந்த மோனோ முறையில் எல்லா ஒலிகளும் ஒரே தடத்தில் பதிவாகும். ஸ்டீரியோ முறையில் ஒலி இடம், வலம் என இரு தடங்களாகப் பிரிக்கப்படுவதால், இசைக்கருவிகள் வெவ்வேறு திசைகளிலிருந்து ஒலிப்பதுபோல் கேட்பவருக்குத் தோன்றும். பாடகர் கே. ஜே. யேசுதாஸிடம் இருந்த ஒலிப்பதிவுக் கருவிகள் இதற்கு உதவின.

இசைத்தட்டிலும் பின்னர் ஒலிநாடாவிலும் இப்பாடல்கள் வீடுகளைச் சென்றடைந்தன.

பாடல்கள்

அக்கரைச் சீமை அழகினிலே - கே. ஜே. யேசுதாஸ்
ஸ்ரீராமனின் ஸ்ரீதேவியே - கே. ஜே. யேசுதாஸ்
என்னுயிர் நீதானே - கே. ஜே. யேசுதாஸ், ஜென்சி
ஏ பாடல் ஒன்று - கே. ஜே. யேசுதாஸ், எஸ். ஜானகி
டார்லிங் டார்லிங் டார்லிங் - பி. சுசீலா

புகழ்பெற்றவர் கடத்தப்படும் கதைகள்

புகழ்பெற்றவரையோ அவருடைய குழந்தையையோ கடத்தும் கதை, திரைப்படத்தில் இருபதாம் நூற்றாண்டின் முப்பதுகளில் உருப்பெற்றது. அதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சி காரணமாயிற்று. அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாக வானூர்தியில் கடந்து உலகப்புகழ் பெற்ற அமெரிக்கர் சார்லஸ் லிண்ட்பெர்க்கின் 20 மாதக் குழந்தை, 1932 மார்ச் 1 அன்று நியூ ஜெர்சியில் உள்ள வீட்டிலிருந்து கடத்தப்பட்டது. 50,000 டாலர் பிணைப்பணம் கொடுக்கப்பட்டும் குழந்தை திரும்பவில்லை. மே 12 அன்று அதன் உடல் கண்டெடுக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே ஆட்கடத்தலை அமெரிக்கக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. இவ்வழக்கில் புருனோ ஹவுப்ட்மன் என்பவர் 1936 இல் மரணதண்டனைக்கு உள்ளானார்.

இந்நிகழ்ச்சியின் அதிர்ச்சி ஆறும் முன்பே, 1934 இல் பாரமவுண்ட் நிறுவனம் "மிஸ் ஃபேன்ஸ் பேபி இஸ் ஸ்டோலன்" என்ற படத்தை வெளியிட்டது. அலெக்சாண்டர் ஹால் இயக்கிய இப்படத்தில் ஒரு திரைப்பட நடிகையின் குழந்தை கடத்தப்படுகிறது. தாயாக டோரதியா வீக்கும் குழந்தையாக பேபி லெராயும் நடித்தனர். 1963 இல் ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா இவ்வகைக் கதையை வேறொரு திசைக்குக் கொண்டு சென்றார். "ஹை அண்ட் லோ" என்று ஆங்கிலத்தில் அறியப்படும் அவரது படத்தில், செல்வந்தரின் மகன் என்று நினைத்து அவருடைய வண்டியோட்டியின் மகன் கடத்தப்படுகிறான். பிறர் குழந்தைக்காகத் தன் செல்வம் முழுவதையும் இழக்கலாமா என்ற அறக்கேள்வி அங்கு எழுகிறது.

இக்கதைகளுடன் ஒப்பிடும்போது ப்ரியாவின் வேறுபாடு தெளிவாகிறது. மேற்கூறிய படங்களில் கடத்தலுக்கு முன் ஒரு பாதுகாப்பான வீடு இருக்கிறது. கடத்தல் அதை உடைக்கிறது. மீட்பு என்றால் அவ்வீட்டிற்குத் திரும்புதல். ப்ரியாவுக்கு அத்தகைய வீடு இல்லை. அவரைக் கடத்தியவர்களிடமிருந்து மீட்டு, முன்பு இருந்த இடத்திலேயே சேர்ப்பது மீட்பு ஆகாது. எனவே கணேஷின் பணி இருமடங்காகிறது.

கதை நிகழும் சிங்கப்பூரும் இவ்வகைக் குற்றத்தை அறிந்த நகரமே. செல்வந்தர்களைக் கடத்திப் பணம் பறிக்கும் குற்றங்கள் அங்கு ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நிகழ்ந்தன. இதற்கென 1961 இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அது மரணதண்டனை அல்லது ஆயுள் தண்டனை விதிக்க வழிசெய்கிறது. ஷா திரைப்பட நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 1964 இல் அங்கு கடத்தப்பட்டு விடுவிக்கப்பட்டார்.

தென்னிந்தியாவில் இத்தகைய கற்பனை பின்னாளில் உண்மையாயிற்று. கன்னட நடிகர் ராஜ்குமார், 2000 ஜூலை 30 அன்று தமிழ்நாட்டின் எல்லையோரத்தில் உள்ள காஜனூரில் வீரப்பனால் கடத்தப்பட்டு, 108 நாட்களுக்குப் பின் நவம்பர் 15 அன்று விடுவிக்கப்பட்டார். இரு மாநில அரசுகளும் தூதர் வழியாகப் பேச்சு நடத்த வேண்டியதாயிற்று.

திரை நட்சத்திரமும் குற்றவழக்கும் ஒரே செய்தியில் இடம்பெறுவது திருச்சிராப்பள்ளிக்கு அதற்கு முன்பே அறிமுகமான ஒன்றாகும். அந்நகரத்தில் வளர்ந்து புகழ்பெற்ற எம். கே. தியாகராஜ பாகவதர், 1944 ஆம் ஆண்டின் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் என். எஸ். கிருஷ்ணனுடன் கைது செய்யப்பட்டுத் தண்டனை பெற்றார். மேல்முறையீட்டிற்குப் பின் 1947 இல் இருவரும் விடுதலையாயினர். விடுதலைக்குப் பிறகு பாகவதரின் திரை வாழ்வு பழைய நிலையை எட்டவில்லை. புகழ் ஒருவரைக் காக்கும் அரணன்று என்பதற்கு அவ்வழக்கு சான்றாக அமைந்தது.

சட்டப் பார்வையில்

கதாநாயகர் வழக்கறிஞர் என்பதால், கதையின் மையச் சிக்கலைச் சட்டத்தின் துணையுடன் நோக்குவது மாணவர்க்குப் பயன்தரும்.

ஒப்பந்தமும் திருமணமும்: 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 26 ஆம் பிரிவின்படி, வயது வந்த ஒருவர் திருமணம் செய்துகொள்வதைத் தடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. 27 ஆம் பிரிவு, ஒருவர் சட்டப்படியான தொழிலைச் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்களைச் செல்லாதவை ஆக்குகிறது. எனவே ஒரு நடிகை திருமணம் செய்துகொள்ளக் கூடாது என்று தயாரிப்பாளர் எழுதி வாங்கினாலும், நீதிமன்றத்தில் அத்தாளுக்கு மதிப்பில்லை. அச்சுறுத்தலே அத்தகைய கட்டுப்பாட்டின் உண்மையான வலிமையாகும்.

ஆட்கடத்தல்: படம் வெளிவந்த காலத்தில் நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டம் இக்குற்றத்தை இருவகையாகப் பிரித்தது. சட்டப்படியான பாதுகாவலரிடமிருந்து சிறாரை அவர் இசைவின்றிக் கொண்டு செல்வது ஒன்று (பிரிவு 361). யாரையேனும் வன்முறையாலோ ஏமாற்றியோ ஓரிடத்திலிருந்து போகச் செய்வது மற்றொன்று (பிரிவு 362). முதல்வகையில் கடத்தப்பட்டவரின் சம்மதம் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. இரண்டாம் வகையில் வன்முறையோ ஏமாற்றோ இருந்தது மெய்ப்பிக்கப்பட வேண்டும். பிணைப்பணம் கேட்டுக் கடத்துவதற்கென மரணதண்டனை அல்லது ஆயுள் தண்டனை விதிக்கும் தனிப்பிரிவு (364 அ) 1993 இல்தான் சேர்க்கப்பட்டது. அதாவது, ப்ரியா வெளிவந்தபோது இந்தியச் சட்டத்தில் அத்தகைய தனிப்பிரிவு இருக்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ளது.

ஸ்ரீதேவியும் ப்ரியா பாத்திரமும்

1963 ஆகஸ்ட் 13 அன்று பிறந்த ஸ்ரீதேவி, "துணைவன்" (1969) படத்தில் குழந்தை நட்சத்திரமாக நடித்தவர். "மூன்று முடிச்சு" (1976), "16 வயதினிலே" (1977) ஆகிய படங்கள் அவரைக் கதாநாயகியாக நிலைநிறுத்தின. ப்ரியா வெளிவந்தபோது அவருக்கு வயது 15. திரைத்துறையில் ஏறத்தாழப் பத்தாண்டு அனுபவம் பெற்றிருந்த ஒரு சிறுமி, தன் வாழ்வைத் தானே முடிவு செய்ய விரும்பும் ஒரு முன்னணி நடிகையாக நடித்தார் என்பது இன்று படத்தைப் பார்ப்போர் கவனிக்கத்தக்கது. ஸ்ரீதேவி 2018 பிப்ரவரி 24 அன்று துபாயில் காலமானார்.

இளம் நட்சத்திரங்களின் வருமானத்திற்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற கருத்து மெதுவாகவே வளர்ந்தது. சாப்ளினின் "தி கிட்" (1921) படத்தில் நடித்த ஜாக்கி கூகன், தாம் ஈட்டிய செல்வம் செலவழிக்கப்பட்டுவிட்டதை வயது வந்தபின் அறிந்து 1938 இல் வழக்குத் தொடுத்தார். அதன் விளைவாக 1939 இல் கலிபோர்னியாவில் குழந்தை நடிகர்களின் வருமானத்தில் ஒரு பகுதியைக் காக்கும் சட்டம் பிறந்தது. இந்தியாவில் 2017 ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் விதிகள், குழந்தைக் கலைஞரின் வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரிலேயே தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிலைவைப்பாக வைக்க வேண்டும் என்கின்றன. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றும் அவை கூறுகின்றன. ப்ரியா எடுக்கப்பட்ட காலத்தில் இத்தகைய விதிகள் இல்லை.

சுஜாதாவின் பிற திரைப்பணிகள்

சுஜாதாவின் படைப்புகளைத் தழுவி ப்ரியாவுக்கு முன்பும் பின்பும் படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் சில:

காயத்ரி (1977) - ஜெய்சங்கர், ரஜினிகாந்த், ஸ்ரீதேவி நடித்தது. இதன் திரைக்கதையையும் பஞ்சு அருணாசலமே எழுதினார்.
இது எப்படி இருக்கு (1978) - "அனிதா இளம் மனைவி" நாவலைத் தழுவியது.
நினைத்தாலே இனிக்கும் (1979) - கே. பாலசந்தர் இயக்கியது. சுஜாதா கதை எழுதிய இப்படமும் சிங்கப்பூரில் எடுக்கப்பட்டது.
கரையெல்லாம் செண்பகப்பூ (1981) - இதே பெயருடைய நாவலைத் தழுவியது.
விக்ரம் (1986) - கமல்ஹாசன் நடித்தது.

தொண்ணூறுகளில் அவர் உரையாடல் ஆசிரியராகப் பெரிதும் அறியப்பட்டார். மணிரத்னத்தின் "ரோஜா" (1992) அவற்றுள் முதன்மையானது. அதுவும் ஓர் ஆட்கடத்தல் கதையே. அங்கு கடத்தப்படுபவர் ஒரு மறைகுறியீட்டு வல்லுநர், மீட்கப் போராடுபவர் அவருடைய மனைவி. ப்ரியாவில் இருந்த சுற்றுலாத் தன்மை அங்கு இல்லை. கடத்தப்பட்டவருக்காகக் காத்திருப்பவரின் தவிப்பே கதையாகிறது.

முக்கியத்துவம்

ப்ரியா மூன்று காரணங்களுக்காக நினைவுகூரப்படுகின்றது. ஒன்று, அதன் பாடல்களும் அவற்றின் ஒலிப்பதிவு முறையும். இரண்டு, ரஜினிகாந்தின் கதாநாயக வாழ்வின் தொடக்கத்தில் அது பெற்ற இடம். மூன்று, தமிழ் வார இதழ்களின் துப்பறியும் தொடர்கதை பெரும் வணிகப்படமாக மாறும்போது எவை தங்குகின்றன, எவை உதிர்கின்றன என்பதற்கு அது தரும் எடுத்துக்காட்டு. நாவலையும் படத்தையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர் இம்மாற்றத்தை நேரடியாகவே அறியலாம்.

கணேஷின் துப்பறியும் திறன் படத்தில் குறைந்திருக்கலாம். எனினும் கதையின் அடித்தளக் கேள்வி மாறவில்லை. ஒரு நடிகையின் முகமும் குரலும் உழைப்பும் யாருக்குச் சொந்தம் என்பதே அது. படத்தின் வில்லன்கள் மட்டுமன்றி, ப்ரியாவைச் சூழ்ந்துள்ள பலரும் இக்கேள்விக்குத் தவறான விடையையே வைத்திருக்கின்றனர்.